சிக்னல் போய்விட்டது, மாப்பிள்ளை

கீரனூரில் இருக்கும் நண்பனின் அக்கா ஓர் எவர்சில்வர் டப்பா நிறையக் கைமுறுக்கு சுட்டுக் கொடுத்திருந்தார். சொந்தக் கொல்லையில் விளைந்த கடலையைச் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெய். மூடியைச் சுற்றித் துணி கட்டி, "தம்பி, இறங்கியதும் முதல் வேலையாக இதை அவன் கையில் கொடுத்துவிடு. சிக்கு வாடை வருவதற்குள் சாப்பிட்டுவிடச் சொல்" என்றார். சரி அக்கா என்று வாங்கிக்கொண்டேன். என் பயணத்தில் சிங்கப்பூர் இருபத்திரண்டாம் நாள்தான் வருகிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை. டப்பா என் பையின் அடியில் பினாங்குக்கு வந்தது, ஈப்போவுக்கு வந்தது. கேமரன் மலைக் குளிரில் நான்கு நாள் கிடந்தது. நாங்கள் பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிய நாளில் விடுதி அறையில் கிடந்தது. மலாக்கா வெயிலில் வெந்தது. நண்பன் வீட்டு மேசையில் வைத்து மூடியைத் திறந்தபோது அந்த வாடை எனக்குத்தான் முதலில் தட்டியது. அவன் ஒன்றை உடைத்து வாயில் போட்டு நிதானமாக மென்றான். "அக்கா கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது" என்று சொல்லி இன்னொன்றையும் எடுத்தான்.

ஊர் திரும்பி மாதங்கள் ஆகியும் அந்த வாடை என்னை விட்டுப் போகவில்லை.

2024 மே விடுமுறையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து போட்ட திட்டம் அது. மூவருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். அதற்கு முந்தைய டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு நமக்கு விசா தேவையில்லை என்று ஆகியிருந்ததால் மூன்று வாரமும் அங்கே என்று முடிவு செய்தோம். மற்ற இருவரும் கோலாலம்பூர் வழியாகத் திருச்சி திரும்புவார்கள். நான் மட்டும் சிங்கப்பூர் விசா எடுத்து, மூன்று நாள் நண்பனோடு இருந்துவிட்டு அங்கிருந்து விமானம் ஏறுவேன். ஏன் அவனைக் கடைசியில் வைத்தாய் என்று வீட்டில் கேட்டபோது டிக்கெட் விலை, விசா கிடைக்கும் நாள், கூட வருகிறவர்களின் வசதி என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாமே உண்மைதான். ஆனால் எதுவும் காரணம் இல்லை.

இப்போது ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். வெளிநாட்டில் இருக்கும் நண்பன் வீட்டைப் பயணத்தின் கடைசியில் வைக்கிறவன், தன்னிடம் மிஞ்சியதைத்தான் அவனுக்குக் கொண்டுபோகிறான். வியப்பையெல்லாம் முன்பே செலவழித்திருப்பான். கால் ஓய்ந்திருக்கும், பை நிறைய அழுக்குத் துணி இருக்கும், மனம் பாதி ஊருக்குத் திரும்பியிருக்கும். காத்திருக்கிறவனோ நாம் ஊரில் கிளம்பிய அன்றிலிருந்தே காத்திருக்கிறான். "இன்று எங்கே?" என்று தினமும் இரவு எனக்குச் செய்தி அனுப்பினான். நான் படங்களை அனுப்பினேன். அவன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பது புரிந்தும், காவிரி வெள்ளம் போல ஓடிவரும் அவன் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன்.

கடற்பாலம்

மலாக்காவிலிருந்து பஸ். ஜொகூர் பாருவில் பெட்டியோடு இறங்கி முத்திரை குத்திக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸில் மறுபடி பெட்டியோடு இறங்க வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். 1924இல் திறந்தது, நான் கடந்தபோது நூறு ஆண்டு ஆகவிருந்தது. வெறுமனே நடந்தால் கால் மணி நேரம். கோவிட் வந்ததும் 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள். பழையபடி முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆனது. ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று தினமும் போய்வந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஏதாவது ஒரு கரையில் மாட்டிக்கொண்டார்கள். நண்பனோடு வேலை பார்த்த மலேசியத் தமிழர் ஒருவர், மாலையில் உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவுக்குப் போய், அக்கரையில் தன் வீடு இருக்கும் திசையைப் பார்த்தபடி வீட்டுக்குப் போன் பேசுவாராம். இதை நண்பன் அப்போதே என்னிடம் போனில் சொல்லியிருந்தான். பஸ்ஸின் ஜன்னல் வழியே அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு அந்த மனிதரின் நினைவுதான் வந்தது.

சோதனைச் சாவடிக்கு வெளியே அவன் நின்றிருந்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறேன். முன்நெற்றி ஏறியிருந்தது. கட்டிக்கொண்டோம். என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "பசியாறினாயா?" என்றான். ஆலங்குடிப் பக்கத்தில் பிறந்தவன் வாயில் அந்தச் சொல் வந்தது எனக்கு வியப்பாக இருந்தது. பினாங்கிலும் அதையே கேட்டிருந்தேன். நம் ஊரில் வழக்கொழிந்துவரும் சொல் அங்கே அன்றாடம் புழங்குகிறது. டாலரை வெள்ளி என்றான். அடுக்குமாடி வீட்டை வீவக வீடு என்றான். கீழே கோப்பிக் கடையில் எனக்காகச் சர்க்கரையில்லாத கடுங்காப்பி சொன்னபோது "கோப்பி ஓ கோசோங்" என்று சீன முதியவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "உனக்குச் சர்க்கரை இருப்பதை அக்கா சொன்னார்" என்றான்.

அவன் மனைவி என்னை முதல்முறையாக நேரில் பார்க்கிறார். "வாங்கண்ணே" என்ற அந்த ஒரு சொல்லில் பயணக் களைப்பு பாதி இறங்கியது. குட்டி மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து, பத்து நிமிடத்தில் மாமா என்று மடியில் வந்து உட்கார்ந்தாள். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் துணிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கழி மட்டும் காலியாக இருந்தது. என் அழுக்குத் துணிகளுக்காக அதைக் காலையிலேயே காலி செய்து வைத்திருந்தார்கள் என்பது இரவில்தான் தெரிந்தது.

எனக்காக இரண்டு நாள் லீவு போட்டிருந்தான். அங்கே சட்டப்படி ஆண்டு விடுப்பு முதலாண்டில் ஏழு நாள், எட்டாம் ஆண்டில் பதினான்கு. ஊருக்கு ஒருமுறை வந்துபோக அதைத்தான் ஒவ்வொரு நாளாகச் சேர்த்து வைக்கிறார்கள். அவன் எனக்குக் கொடுத்த இரண்டு நாள், கீரனூரில் அக்காவோடு இருந்திருக்க வேண்டிய இரண்டு நாள். அந்த முதல் நாளை மெரினா கரையிலும், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவிலும் நடந்து செலவழித்தோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவன், "அம்மாவுக்கு இந்தக் கோயிலைக் காட்ட வேண்டும் என்று இருந்தேன்" என்றான். நான் குனிந்து செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2021 மே

அவன் அம்மா இறந்தது 2021 மே மூன்றாவது வாரத்தில். கோவிட் இல்லை, இரவில் தூங்கியவர் எழவில்லை. அது இரண்டாம் அலையின் உச்சம். நம் பக்கம் முழு ஊரடங்கு, இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. சிங்கப்பூரோ ஏப்ரல் 23 நள்ளிரவிலிருந்து, இந்தியாவில் இருந்துவிட்டு வருகிறவர்களை வேலை அனுமதி இருந்தாலும் உள்ளே விடுவதில்லை என்று அறிவித்திருந்தது. நண்பன் அப்போது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருந்தான். கிளம்பினால் வேலை போய்விடும். கிளம்பினாலும், கிடைக்கும் விமானத்தைப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தத் தடை விலக அக்டோபர் கடைசி ஆனது. ஒரே மகன். பெரியப்பா மகன் கொள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. நண்பன் என்னைக் கூப்பிட்டு, "நீ போனைப் பிடித்துக்கொள், மாப்பிள்ளை. எனக்கு எல்லாவற்றையும் காட்டு" என்றான். நான் காட்டினேன். நீர்மாலை எடுத்து வந்ததை, வாய்க்கரிசி போட்டதை, தெருமுனையில் அக்கா விழுந்து புரண்டதை, எல்லாவற்றையும்.

என் தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அவருடைய தாய் இறந்த செய்தி கடிதமாகக் கைக்குக் கிடைத்தபோது ஊரில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்ததாம். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து அழுதிருப்பார். துயரம்தான், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு வந்த துயரம். என் நண்பனுக்கு அது நடக்க நடக்கக் கையளவு கண்ணாடியில் வந்துகொண்டிருந்தது, அவனால் ஒரு பிடி அரிசி போட முடியவில்லை. இரண்டில் எது கொடியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த கை என்னுடையது.

எங்களுக்கு மாலை நான்கரை, அவனுக்கு ஏழு. சுடுகாட்டில் சிதை அடுக்கி, உடலைக் கிடத்தி, கழுத்துவரை வறட்டி வைத்தாகிவிட்டது. "முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வெட்டியான் குரல் கொடுத்தார். நான் முன்னால் போய் போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அதுவரை சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரே ஒரு முறை "அம்மா" என்று கூப்பிட்டான். ஸ்பீக்கர் முழு ஒலியில் இருந்தது. அந்தக் குரல் என் கையிலிருந்து கிளம்பியது. இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கட்டைவிரல் தானாகவே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

உடனே மறுபடி அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முகத்தில் வறட்டி வைத்து, வைக்கோல் பரப்பி மண் பூசினார்கள். பெரியப்பா மகன் குடத்தோடு மூன்று சுற்று வந்தார். அவ்வளவு நேரமும் என் நெஞ்சுக்கு மேல் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கொள்ளி வைத்துத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். பதினொரு அழைப்புகள். பன்னிரண்டாவது வந்தபோது எடுத்து, "சிக்னல் போய்விட்டது, மாப்பிள்ளை" என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. பொய் என்று அதை நான் நினைக்கவும் இல்லை. அவனுக்கு அந்தக் காட்சி வேண்டாம் என்று காப்பாற்றியதாகவே ஒரு வருடம் நம்பினேன். பிறகுதான் மெல்ல அரிக்கத் தொடங்கியது. 2022இல் அவன் ஊருக்கு வந்தபோது தேர்வுப் பணி என்று சொல்லி நேரில் பார்க்காமல் தப்பித்தேன். சிங்கப்பூரைப் பயணத்தின் கடைசியில் வைத்ததற்கும் இதுதான் காரணம். மூன்று நாள் என்றால் சுற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும், பேச நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எதிர்ப் புளோக்கின் படிக்கட்டு

இரண்டாம் நாள் இரவு, சாப்பிட்ட பிறகு கடலோரப் பூங்காவரை நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பேச்செல்லாம் பழைய கல்லூரிக் கதைகள். வீட்டுக்குக் கீழே வந்ததும் நின்று, எதிரே இருந்த புளோக்கைக் காட்டினான். திருமணத்துக்கு முன் மூன்று பேரோடு அங்கே வாடகைக்கு இருந்தானாம். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

"அங்கேதான் நின்று பார்த்தேன், மாப்பிள்ளை" என்றான். "அந்த இடத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று எனக்கு முன்பே தெரியும். கீழே திடலுக்குப் போயிருக்க வேண்டும். அறையில் ஆட்கள் இருந்தார்கள், கீழேயும் ஆட்கள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சப்பட்டுப் படிக்கட்டில் நின்றேன். சிக்னல் போனதும் பன்னிரண்டாம் மாடி வரை ஏறி ஓடினேன், கீழே இறங்கி ஓடினேன், கிடைக்கவே இல்லை. அந்தக் கூச்சத்தால்தான் அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போய்விட்டேன்."

குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பழகிப்போனதை இன்னொருவரிடம் சொல்லும் குரல் அது. அவன் தற்போதைய வீட்டின் ஹால் ஜன்னலைத் திறந்தால் அந்தப் படிக்கட்டுதான் தெரியும். மூன்று வருடமாக அதைப் பார்த்துத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். என் பொய் என்னோடு கிடக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது கடல் தாண்டி வந்து அவன் தலையில் பழியாக உட்கார்ந்திருக்கிறது.

"சிக்னல் போகவில்லை. நான்தான் அணைத்தேன்" என்றேன்.

அவன் எதுவும் பேசாமல் கீழ்த்தளத்தில் இருந்த கல் மேசைக்குப் போய் உட்கார்ந்தான். அங்கே புளோக்குகளின் கீழ்த்தளங்களில் சதுரங்கக் கட்டம் பதித்த மேசைகள் இருக்கும். அவன் விரல் ஒரு கட்டத்தின் கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. லிஃப்ட் இரண்டு முறை வந்து திறந்து மூடியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"ஏன்?"

"நீ கூப்பிட்டது ஸ்பீக்கரில் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை."

"உனக்கு மட்டும் கேட்டதா?"

"எல்லாருக்கும் கேட்டது. வெட்டியான் வறட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்."

தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "முகத்தை மூடுவதற்கு முன்பா, பின்பா?"

"முன்பு."

மறுபடி குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. "நான் கூப்பிட்டது அங்கே வந்து சேரவில்லை என்றே நினைத்திருந்தேன்" என்றான்.

அதன் பிறகு அவன் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் தெரியாமல் போனதெல்லாம் அவனுக்கு வேண்டியிருந்தது. நெற்றியில் வைத்த காசு எந்தப் பக்கம் சரிந்திருந்தது, என்ன புடவை போர்த்தியிருந்தார்கள், குடத்தில் மூன்றாவது துளை போடும்போது தண்ணீர் யார் மேல் தெறித்தது, வேலிக்கு வெளியே யார் யார் நின்றார்கள். போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து சுடுகாட்டுக்குள் வராமல் வரப்பில் நின்று கும்பிட்டுப் போனவர்கள் மட்டும் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள் என்றேன். அவர்கள் பெயர்களைக் கேட்டான். ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னேன். தன் பங்குக்கு அவனும் சொன்னான்: அன்று இரவு குளியலறையில் தானே சவர பிளேடால் தலையை மழித்துக்கொண்டது, கைத்தவறி காதோரம் வெட்டியது, மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. லிஃப்டில் ஏறியதும், "மூன்று வருடம், மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் மதியம் வரை என்னோடு அவன் பேசவில்லை. கோபப்பட அவனுக்கு முழு உரிமை இருந்தது.

கிளம்பும் நாள் மாலையில் அவன் மனைவி டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். "வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அண்ணே" என்று மைலோ பாக்கெட்டுகளும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் உள்ளே வைத்தார். துணியை நண்பனே கட்டினான். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போகும் இடம்வரை கூடவே வந்தான். "அக்காவிடம் நானே சொல்கிறேன்" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். "அடுத்த முறை முதலில் இங்கே வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. வாசலில் பஸ் ஏறினால் என் வீட்டுக்குப் போகும் வழியில்தான் கீரனூர். பெட்டி, பையோடு அங்கேயே இறங்கிக்கொண்டேன். அக்கா திண்ணையில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். டப்பாவை வாங்கி மடியில் வைத்துத் துணி முடிச்சை அவிழ்த்தபடியே, "முறுக்கு நன்றாக இருந்ததாமா?" என்று கேட்டார்.

"சிக்கு வாடை வந்துவிட்டது, அக்கா. நான்தான் தாமதமாகக் கொண்டுபோனேன்" என்றேன்.